நல்ல கூலிங்

முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே போகும் மண் தெருவில், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் அந்தக் கோடை முழுவதும் வேலை பார்த்தேன். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். பல்லாவரத்தில் தோல் காயப்போட்டிருக்கிறேன், மறைமலை நகரில் கார் உதிரிபாகங்களைப் பெட்டியில் அடுக்கியிருக்கிறேன். எந்த வேலையிலும் காலூன்றியதில்லை. ஷெட்டில் காலித் திராட்சைக் கூடைகளைக் கவிழ்த்து, மேலே பலகை போட்டுப் படுத்துக்கொள்வேன். முதுகில் கோடு விழும். மற்றபடி தூக்கம் வந்தது.

தேவாலயப் பூசைக்கான ஒயின் அங்கே தயாரானது. ஆளுயர எஃகுத் தொட்டிகள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சட்டை போட்டதுபோல இன்னொரு தகடு. இரண்டுக்கும் நடுவே குளிர்ந்த தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர்தான் ஷெட்டில் வந்த மின்சாரத்தையெல்லாம் தின்றது. வெளியே சாலையில் தார் இளகிக்கொண்டிருக்க, உள்ளே தொட்டிகள் வியர்த்து நிற்கும். மூடியிலிருந்து இறங்கும் குழாயின் முனை ஒரு வாளித் தண்ணீரில் முங்கியிருக்கும். சாறு புளித்துப் பொங்கப் பொங்க வாளியில் குமிழ்கள் வெடித்துக்கொண்டே இருக்கும். விமானம் தாழப் பறந்து போன பிறகு அந்தக் குமிழ்ச் சத்தம் மெல்லத் திரும்பி வரும். கேட்டபடி நின்றால் எந்த ஊரில் இருக்கிறேன் என்பது எனக்குச் சற்று நேரம் மறந்துபோகும்.

ஷெட்டை நடத்திய அக்கா, கம்பெனி வேலையை விட்டு, நகையை அடகு வைத்து இதில் இறங்கியவர். அந்த ஆண்டுச் சாறு முழுவதும் பெரிய தொட்டியில் இருந்தது. அது கெட்டால் ஷெட்டை மூடவேண்டியதுதான். எங்களோடு இருந்த இன்னொருவர், ஒயின் ஷாப்பை ஒட்டிய பாரில் நெடுநாள் வேலை பார்த்த அண்ணன். பெயர்தான் ஒயின் ஷாப். அங்கே ஒயினை அவர் கண்ணால் கண்டதில்லை.

ஒரு மதியம் அக்கா வெளியே கிளம்பும்போது அண்ணனிடம் சொன்னார்: "அண்ணா, சாயங்காலம் பீக் அவர், கரண்ட் ரேட் ஜாஸ்தி. அப்ப சில்லர் ஓட வேணாம். முன்னாடியே நல்லா கூலிங் பண்ணி வச்சிடுங்க. தொட்டி தாங்கிக்கும்."

பாரில் நல்ல கூலிங் என்றால் ஒரே பொருள்தான்: பாட்டிலைத் தொட்டால் விரல் ஒட்ட வேண்டும். அண்ணன் சில்லரின் குளிர்த் திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டார்.

மறுநாள் காலை வாளித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அக்கா தொட்டியில் கை வைத்து, வெடுக்கென்று எடுத்தார்.

"எவ்ளோல வச்சீங்க அண்ணா?"

"எவ்ளோ கம்மி போவுமோ அவ்ளோ. நல்லா கூலிங்னு நீதானேக்கா சொன்ன?"

"இது இன்னா பீரா? சாறைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டு உள்ள உயிரோட இருக்குண்ணா. குளிர்ல தூங்கிடுச்சு."

"தூங்குனா எழுப்பிக்கலாம். அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?"

"எழுந்திருக்கலன்னா? வேற கிருமி பூந்து மொத்தமும் புளிச்ச தண்ணியாயிடும்."

சில்லரை நிறுத்தி, ஷட்டர்களைத் தூக்கி, இத்தனை நாள் வெளியே துரத்திய வெயிலை உள்ளே அழைத்தோம். தொட்டி தாங்கும் என்று அக்கா சொன்னது உண்மைதான். அது குளிரை விடுவதாக இல்லை.

உச்சி வெயிலில் அண்ணன் முகம் கழுவப் பின்பக்கம் போனார். அங்கிருந்து அலறல். "யம்மா! இன்னாக்கா தண்ணி இது? தூள் போட்டா டீ ரெடி!"

கூரை மேலிருந்த கறுப்புத் தொட்டியின் தண்ணீர் கோடையில் அப்படித்தான் கொதிக்கும். மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தார். "ஹோஸ் எங்க?"

சில்லர் குழாயைக் கழற்றிவிட்டு, கூரைத் தண்ணீரைப் பெரிய தொட்டியின் சட்டைக்குள் விட்டோம். மோட்டார் தேவைப்படவில்லை, தானாக இறங்கியது. திடீர்ச் சூடு ஆகாது என்று அக்கா குழாயைச் சிறிதாக வைக்கச் சொன்னார். மறுமுனையில் ஜில்லென்று கொட்டியது. அதில் முகத்தைக் காட்டிய அண்ணன், "இதான்க்கா நல்ல கூலிங்கு" என்றார்.

"உங்கள அந்த டேங்க்ல போட்டு மூடப்போறேன் பாருங்க." அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

வெயில் ஷெட்டுக்குள் நீண்டு, தொட்டிகளின் வயிற்றில் மஞ்சளாக ஏறி, மங்கியது. நான் நின்றபடியே கண் அயர்ந்திருக்க வேண்டும். வாளியில் ஒரு குமிழ் வெடித்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொன்று.

அண்ணன் தொட்டியில் காதை வைத்தார். "முழிச்சிகிச்சுக்கா. மூச்சு வுடுது."

அக்கா ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தார். வெளியே ஓடிய தண்ணீர் இப்போது வெதுவெதுப்பாக இருந்தது. குழாயை நோக்கிக் கையைக் காட்டினார், நான் மூடினேன்.