ஒரு சொல்லட்டையின் பின்பாதி

சென்ற தைத்திங்களில் வெளிவந்த ஒரு சிறு நூலின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நான் இருக்கிறேன். பெயர் இல்லை. ‘உத்தமபாளையத்து முதிய தமிழாசிரியர் ஒருவர், மருத்துவமனையில்’ என்று மட்டுமே அச்சாகியிருக்கிறது. ஆயினும் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அவ்வரியைப் படித்துக் காட்டினால், கேட்டவர் என் வீட்டுக்கு வழி சொல்லிவிடுவர். அப்பக்கம் கூறுவது பொய்யன்று, பாதி. மறுபாதியை அறிந்தவர் மிகச் சிலர். அவருள் என் மனைவி மறைந்துவிட்டாள்; ஒருவரின் பெயரையே நான் அறியேன்; மற்றொருவர் அந்நூலை எழுதியவர். ஆகவே இதை நான் எழுதாவிடில் எழுதுவார் இலர்.

நூலை எழுதியவர் என் நண்பர். ஒரே பள்ளியில் அவர் ஆங்கிலமும் நான் தமிழும் கற்பித்தோம். ஆசிரியர் அறையில் எங்கள் நாற்காலிகள் அடுத்தடுத்து இருந்தன. ஓய்வு பெற்றபின் காலைதோறும் வாய்க்கால் கரையில் ஒன்றாக நடந்தோம். அந்த நடையில்தான் ஒரு வழக்குத் தோன்றியது. ‘அட்ஜஸ்ட்’ என்னும் ஆங்கில வினைக்கு ஈடாகத் தமிழில் ஒரு சொல்லும் இல்லை என்றார் அவர். முப்பது உண்டு, இந்த ஒரு சொல் வந்து அம்முப்பதையும் வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டது என்றேன் நான். எவர் கூற்று மெய்யென்று காணும்பொருட்டு, மக்கள் அச்சொல்லைப் பேசும் இடமெல்லாம் கேட்டு அட்டைகளில் எழுதுவதென முடிவுசெய்தோம்.

முதல் அட்டை, தேனிக்குச் செல்லும் பேருந்தில் கிடைத்தது. மூவர் இருக்கையில் அகன்று அமர்ந்திருந்த எங்களிடம் நடத்துநர், “அண்ணே, ரெண்டு பேரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க. ஆத்தா நிக்கிதுல்ல, கண்ணு தெரியலயா?” என்றார். ‘நகர்ந்து இடங்கொடுத்தல்’ என்று நான் பொருள் எழுதினேன். கம்பத்துத் திராட்சைப் பந்தலடியில் ஒருவர், “கம்பிய அட்ஜஸ்ட் பண்ணாட்டி பழக்கொலையெல்லாம் தரையத் தொட்டுரும்” என்றார், ‘முறுக்கி இழுத்தல்’. சின்னமனூர் வயலில் நீர்முறைக்குக் காத்திருந்த ஓர் உழவர், “மாமா, இன்னைக்கு ஒரு நா அட்ஜஸ்ட் பண்ணுங்க. வெள்ளிக்கெழம என் தண்ணிய நீங்க பாச்சிக்கங்க” என்றார், ‘முறைமாற்றுதல்’. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப் ஓட்டுநர், “பதினாறு பேரு கேறணும். அட்ஜஸ்ட் செய்யணும், கேட்டோ?” என்று தமிழும் மலையாளமும் கலந்து அதட்டினார், ‘நெருங்கி ஒடுங்குதல்’.

தேவதானப்பட்டியில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், பக்கத்துக் கடைக்காரியிடம் தன் கணவனைப் பற்றிப் பேசினார். “இருவது வருசமா அந்த மனுசனோட அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுத்தேன் கெடக்கேன். அவுகளுக்கு அது தெரிஞ்சாத்தான!” அன்று நாங்கள் மல்லிகை வாங்குவார்போல் நின்று செவிகொடுத்தோம். ‘பொறுத்துப்போதல்’ என்று எழுதினேன். அவ்வட்டையைப் பிறகு பலமுறை எடுத்துப் படித்துச் சிரித்திருக்கிறோம்.

இப்பணிக்கு நான் ஒரு விதி வகுத்திருந்தேன். பேசியவர்க்குத் தெரிவித்துவிட்டு எழுதினால் அவர் அடுத்த சொல்லைத் திருத்திக்கொள்வார்; ஆகையால் தெரிவியாமல் எழுதுக, ஒலித்தபடியே எழுதுக, அச்சொல் ஒலிக்காத இடத்தில் அட்டையே வேண்டா.

என் மனைவிக்கு மூச்சிளைப்பு முற்றியபோது தேனியில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். நண்பரும் உடன் வந்தார். அவளுடைய துணிப்பையைச் சுமந்தவர் அவரே. பெண்கள் பகுதியில் கட்டில் ஒன்றும் ஒழியவில்லை. நடைவழியில் கிடந்த விசிப்பலகையில், சுவரில் தலைசாய்த்து அவள் காலையிலிருந்து அமர்ந்திருந்தாள். நண்பகல் ஆனபின் அவளால் அமரவும் இயலவில்லை.

“சாயந்தரம் ஒரு பெட்டு காலியாகும்யா. அதுவரைக்கும் நான் என்ன செய்ய?” என்றார் செவிலியர். அவர் மீது பிழையில்லை.

நான் கைகூப்பினேன். “எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா” என்றேன். மீண்டும் அதையே சொன்னேன். முப்பது சொல்லை எழுதி வைத்திருந்தவன் வாயில் அன்று வேறு சொல் வரவில்லை. நண்பர் என் பின்னே நின்று தோளில் கைவைத்திருந்தார். அந்தக் கையின் சூட்டை நன்றியோடு நெடுநாள் நினைத்திருந்தேன்.

கதவருகுக் கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தார். கையில் ஊசி குத்திக் குழாயில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து அமர்ந்து, கால்களை மடக்கி, சுவரோரம் ஒதுங்கினார்.

“ஏக்கா, இங்கன வாங்க. வந்து படுங்க.”

“ஒனக்குச் செரமமாகும்மா” என்றாள் என் மனைவி.

“என்ன செரமம்? ஏலக்கா எடுக்க மலைக்குப் போற ஜீப்புல நாங்க இதவிட ஒடுங்கித்தேன் போவோம். அங்கன ஆளு மடியிலயே ஆளு. இது மெத்தக்கா!”

என் மனைவி சிரித்துவிட்டாள். அந்நோயில் அவள் சிரித்து நான் கண்டது அதுவொன்றே. மாலை வரையில் இருவரும் ஒரே கட்டிலில், ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால் இருக்கப் படுத்திருந்தனர். பன்னிரண்டாம் நாள் அவள் மறைந்தாள்.

அதன்பின் எனக்கு அட்டைகளில் நாட்டமில்லை. பெட்டியோடு நண்பரிடம் கொடுத்து, நூலாக்கிக்கொள்ளச் சொன்னேன். வெளியீட்டன்று முதல்வரிசையில் அமர்ந்து கைதட்டினேன். வீட்டுக்கு வந்து புரட்டியபோது நாற்பத்திரண்டாம் பக்கம் வந்தது. ‘எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா.’ பொருள்: முறையை மீறிச் சலுகை கோருதல். கீழே ஒரு குறிப்பு: ‘தூயதமிழை வற்புறுத்துவோரும் இடர் வந்துற்றால் இச்சொல்லையே நாடுகின்றனர்.’ நூலை மூடிவிட்டு, அவள் படத்தின் முன் நிற்க நாணி, முற்றத்துக்குச் சென்றேன்.

மறுநாள் காலை வாய்க்கால் கரையில் கேட்டேன்.

“எப்பய்யா எழுதுனீங்க?”

“மருந்து வாங்கப் போனேன்ல, அங்கன வரிசையில நிக்கையில. மருந்துச் சீட்டுக்குப் பின்னால குறிச்சு வச்சேன்.”

“என்கிட்டச் சொல்லலயே.”

“சொல்லாம எழுதணும்னு விதி போட்டது யாரு, புலவரே? நானா?”

“அந்தப் பொண்ணு எடங்கொடுத்துச்சே, நீங்களும் பாத்தீகளே. அத ஏன் எழுதல?”

“அது அந்தச் சொல்லச் சொல்லலயே. சொன்னாத்தான அட்டை?”

விதிப்படி அவர் கூறியது சரி. அந்தப் பெண் அச்சொல்லைக் கூறவில்லை, நகர்ந்தார், அவ்வளவே.

“அடுத்த பதிப்புல அந்தப் பக்கத்த எடுத்துருங்க” என்றேன்.

“படிச்சவுக எல்லாரும் அதைத்தேன் மொதல்ல சொல்றாக. அத எடுத்துட்டா புத்தகத்துல என்னய்யா இருக்கு? ஒங்க பேரு இல்லையே, பெறகென்ன? நீங்க கொஞ்சம்…” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அடுத்து வரவிருந்த சொல் எதுவென இருவருமே அறிவோம்.

அன்றோடு கரைக்குச் செல்வதை நிறுத்தினேன். என் சொல் அச்சேறியதனால் மட்டும் இத்தனை நோகவில்லை. என் தோளில் கைவைத்து நின்றவர் அந்நேரமே மனத்துள் என்னை எழுதவும் தொடங்கியிருந்தார். இரண்டகம் என்னும் சொல்லைப் பலவாண்டுகள் பாடத்தில் விளக்கியவன் நான்; அது ஒரு மருந்துச் சீட்டின் பின்புறத்தில் கிடக்குமென்று அறிந்திலேன்.

ஒன்றையும் மறைக்கலாகாது. அதே நூலின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் தேவதானப்பட்டிப் பூக்காரி இருக்கிறார், கணவனோடும் இருபது ஆண்டோடும். அவ்வட்டை என் கையெழுத்து. அவரிடமும் எவரும் கேட்கவில்லை. இதை நினைப்பதனால் நண்பர் மீதுள்ள நோவு குறையவில்லை. ஆனால் பூக்கடைப் பக்கம் செல்ல எனக்குக் கால் எழவில்லை.

நண்பர் அப்பக்கத்தை நீக்கப்போவதில்லை. அதை நான் வற்புறுத்தவும் இனி எண்ணவில்லை. அதன் பின்பாதியாக இதனை வைக்கிறேன். நினைவிலிருந்து எழுதியது, அட்டை ஏதும் என்னிடம் இல்லை. கட்டில் கதவருகில் இருந்ததா, சன்னலருகிலா, அவர் மெத்தை என்றாரா, பஞ்சணை என்றாரா என்பதில் எனக்கு ஐயமுண்டு. அன்று அந்நடைவழியில் இருந்தவர் எவரேனும், ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் அந்தப் பெண்ணே ஆயினும், இதைப் படிக்க நேர்ந்தால், நான் பிறழ எழுதியதைத் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன். அவர் வாயிலிருந்து வந்த சொல் ஒன்றுகூட மாறியிருத்தல் ஆகாது. அவர் பெயரைக் கேளாமல் வந்தது என் பிழை. அதனையும் அவரே திருத்துக.