மணல் அரைக்கும் சத்தம்

நான் ஹெட்போனுக்குள் கடற்கரை மணலைப் போட்டு விற்றேன். தவறி விழுந்தது முதல் தடவை மட்டும்தான். அதற்குப் பிறகு விழுந்ததெல்லாம் நானே அள்ளிப் போட்டது. வாங்கியவர்கள் அதைக் காதில் மாட்டி, கண்ணை மூடி, இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை என்றார்கள்.

சிரிப்பு வருகிறதா? சிரித்துவிட்டு மீதியையும் படியுங்கள்.

நான் ஒன்பதாவதைப் பாதியில் விட்டவன். சில காலம் கம்பெனி பஸ் ஏறி மறைமலைநகருக்கு வேலைக்குப் போனேன். பிறகு செங்கல்பட்டில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை போட்டேன். சுபாவத்திலேயே பயந்தவன். பூட்டிய கடைக்குப் பாதி வழியில் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஒரு போனை மூடிய பிறகு, உள்ளே ஸ்க்ரூ ஏதும் கிடக்குமோ என்று மறுபடி திறப்பேன். இப்படிப்பட்ட ஒருவன் எப்படி இந்த வேலையைச் செய்தான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்கிறேன்... பயந்தவன்தான் செய்வான் என்று இப்போது தோன்றுகிறது.

பிளேனர் ஹெட்போன் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு காந்த வரிசைகளுக்கு நடுவில், வெங்காயச் சருகைவிட மெல்லிய படலம் ஒன்றை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அது அதிர்ந்தால் பாட்டு. தயாரிப்பு நின்றுபோன பழைய செட்டுகளைச் சில சார்கள் எங்கிருந்தோ வாங்கி என்னிடம் கொண்டுவருவார்கள். நான் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் துணியை மாற்றுவேன், ஒயரை மாற்றுவேன், காதுப் பஞ்சை மாற்றுவேன். அப்படி மாற்றுவதற்குப் பெயர் ‘மாட்’. அதைச் செய்கிறவன் ‘மாஸ்டர்’. என் சொந்த மச்சான்கூட என்னை ‘இன்னாடா’ என்றுதான் கூப்பிடுவான். இவர்கள் மாஸ்டர் என்றார்கள்.

இவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐ.டி. ஆபீஸ் சார்கள், கல்பாக்கம் அணுமின் நிலைய நகரியத்துச் சார்கள், ஏழெட்டுப் பேர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரத்தைத் தாண்டி ரகு சார் வைத்திருக்கும் கடற்கரை வீட்டு மாடியில் கூடுவார்கள். எதிரே அத்தனை பெரிய கடல் இரைந்துகொண்டிருக்கும். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஹெட்போனில் யாரோ பதிவு செய்த மழைச் சத்தத்தைக் கேட்பார்கள். ஒரே பாட்டின் முதல் அரை நிமிடத்தை முப்பது தடவை போடுவார்கள். முழுப் பாட்டையும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கடையில் கிடைக்கிற ஹெட்போனில் அவர்களுக்கு ஒன்றும் கேட்காது. உலகத்தில் இன்னொருவனிடம் இல்லை என்று சொல்லுங்கள், உடனே எல்லாம் கேட்க ஆரம்பித்துவிடும்.

ஒரு ஞாயிறு அந்த மாடியிலேயே ரகு சாரின் செட்டைத் திறந்து துணி மாற்ற வேண்டி வந்தது. நல்ல காற்று. எங்கள் கரையில் அலை இழுத்துப் போன இடத்தில் கருப்பாக ஒரு மணல் படியும், பார்த்திருப்பீர்கள். அதைக் காந்தம் இழுக்கும். நான் மூடிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கைப்பிடிச் சுவரில் அந்தக் கருமணல் கோடு கோடாகக் கிடப்பதைப் பார்த்தேன். காற்றில் அது செட்டுக்குள்ளும் போயிருக்கும் என்று சொல்வதற்குள் அவர் மாட்டிக்கொண்டார்.

“மாஸ்டர், என்ன பண்ணீங்க? பேஸ் சவுண்ட்ல ஒரு டெக்ஸ்சர் வருது. தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கு!”

டெக்ஸ்சர் என்றால் சொரசொரப்பாம். தொட்டுப் பார்த்திருந்தால் விரலில் ஒட்டியிருக்கும். செட் பாழாகிவிட்டது என்று சொல்லப் பயம். ஏழு பேரும் வாங்கி வாங்கிக் கேட்டார்கள். ஏழு பேருக்கும் டெக்ஸ்சர் வந்தது. எல்லாருக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். பெயரும் அவர்களே வைத்தார்கள்: ‘பல்லவா ட்யூனிங்’.

வீட்டில் என் மனைவி அமுலு ஒரு நாள் பார்த்துவிட்டாள். பாலித்தீன் கவருக்குள் காந்தத்தைப் போட்டுக் கரையில் இழுத்து, ஒட்டியதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டில் உதிர்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாய்யா அது?”

“மண்ணு.”

“இத்தையா அந்த சாருங்க கண்ண மூடிக்கினு கேக்குறாங்க?”

“ஆமா.”

“எவனாச்சும் கண்டுபுட்ச்சான்னா இன்னா சொல்லுவ?”

“டெக்ஸ்சர்னு சொல்லுவேன்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தில் கை நடுங்கும், அதனால் ஒரு செட்டை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அவர்கள் அதையும் கலை என்றார்கள். வருடத்துக்கு நாலைந்துதான் வருகிறது, ஆகவே அரியது. என் நடுக்கத்துக்குக்கூட அந்த மாடியில் மதிப்பு இருந்தது!

இதுவரை சொன்னதில் நான் யாருக்கும் பெரிய கெடுதல் செய்துவிடவில்லை. மண்ணைக் கேட்க ஆசைப்பட்டார்கள், கொடுத்தேன். அவர்களை நினைத்து இன்றும் எனக்கு வருத்தம் இல்லை. அருவருப்புதான்.

அந்த ஏழு பேரோடு பிறகு வந்து சேர்ந்த பேச்சிமுத்து அப்படி இல்லை. திருநெல்வேலிக்காரர், நகரியத்தில் குடியிருப்பவர். அங்கே பிள்ளையார் கோயில் மார்கழிப் பஜனையில் அவர்தான் முதலில் எடுத்துக் கொடுத்துப் பாடுவார். பாட்டை முழுதாகக் கேட்கிற ஒரே ஆள். தன் செட்டை என் கடைக்குக் கொண்டுவந்தபோது, ஏன் இத்தனை ஆசை என்று கேட்டேன்.

“எங்க அப்பாவுக்கு நாப்பது வயசுல காது போயிட்டுண்ணே. மொதல்ல எடது காதுலதான். ஒரு கரகரப்பு, அப்படித்தான் ஆரம்பிச்சுது. எனக்கு இப்போ முப்பத்தெட்டு. இருக்கும்போதே நல்லதாக் கேட்டுருவோமேன்னு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பூட்டை இழுத்துப் பார்க்கிறவனின் சிரிப்பு.

அவருக்கும் மணல் போட்டேன். இடது பக்கம் கை நடுங்கி, கொஞ்சம் கூடிவிட்டது.

மாடியில் எல்லார் முன்னாலும் மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார்.

“அண்ணே, இந்தப் பக்கம் மணல் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேக்குல்லா?”

மணல் என்றே சொன்னார்.

ரகு சார் வாங்கிக் கேட்டார். “அது சத்தம் இல்லப்பா, டெக்ஸ்சர். பழகணும்.” அடுத்தவர் கேட்டார், அவருக்கும் சத்தம் இல்லை. அதற்கடுத்தவர், “வயசானா காது இப்படித்தான் வேலை காட்டும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பேச்சிமுத்துவின் முகம் மட்டும் வெளுத்தது. கடைசியில் என்னிடம் வந்தது.

“மாஸ்டர், நீங்க கேட்டுச் சொல்லுங்க,” என்றார் ரகு சார்.

மாட்டினேன். கரகரவென்று... அம்மியில் அரைப்பது போல, தெளிவாகக் கேட்டது. பேச்சிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை. ‘கேக்குது சார்.’ அதைச் சொன்னால் மூடியைத் திறக்கச் சொல்வார்கள். திறந்தால் மாஸ்டர் போய்விடுவான்.

“ஒண்ணியும் இல்ல சார்,” என்றேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “ஒரு தபா காது டாக்டராண்ட காட்டிடுங்க.”

ஏன் அதைச் சொன்னேன்? அவர் அப்பாவின் கதை அந்த மாடியில் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கே அழுத்தினால் அவர் வாயடைத்துப் போவார் என்றும் தெரியும். பயம் எப்படி வேலை செய்யும் என்பதைப் பயந்தவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த ஏழு முட்டாள்களை இத்தனை வரி திட்டினேனே, அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே அப்படித்தான் கேட்டது.

மார்கழிக்கு முன்னால் ஒரு மதியம் பேச்சிமுத்து கடைக்கு வந்தார். டாக்டர் காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

“அப்புறம் இன்னா சார்?”

“அவரு மெஷின் எதையோ சொல்லுதுண்ணே. ஒங்க ஹெட்போன் பொய் சொல்லுமா? தெனமும் காலைல மாட்டிப் பாத்துருவேன். இருக்கு. கூடிக்கிட்டே போகுது.”

கூடத்தான் செய்யும். மணல் படலத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். டாக்டரின் இயந்திரத்தை நம்பாமல், நான் மண் போட்ட டப்பாவை வைத்துத் தன் காதைச் சோதித்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர். அரியதாயிற்றே... மாஸ்டர் கையால் செய்ததாயிற்றே!

இந்த வருடம் பஜனையில் பாடப் போவதில்லையாம். சுருதி நிற்கிறதா என்று தன் காதையே நம்ப முடியவில்லையாம்.

அந்த செட் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. திறந்து பார்த்தேன். படலத்தில் ஒரு கீறல், காந்தத்தில் கருமணல். ரகு சார் போன் செய்து, மாஸ்டரிடமே திரும்பி வந்த ஒரே செட், அதனால் இன்னும் அரியதாகிவிட்டது, தனக்கு வேண்டும் என்கிறார். பேச்சிமுத்துவிடம் போய் உண்மையைச் சொல்ல, கல்பாக்கத்துக்கு ஒரே பஸ் ஏறினால் போதும். நான் ஏறவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள் அல்லவா?

அன்று கடையில் கடைசியாக நடந்ததைச் சொல்லாமல் விட்டேன். பேச்சிமுத்து அந்தப் பெட்டியை என் மேசையில் வைத்தார்.

“நீங்களே வச்சிக்கிடுங்க அண்ணே. நல்ல காது உள்ளவன் எவனுக்காவது குடுங்க.”

சொல்லிவிட்டு நின்றார். நான் பதில் சொல்வேன் என்று, என் கண்ணைப் பார்க்காமல் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதட்டைப் படிக்கப் பழகிக்கொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கும் மனிதர்.

“சரி சார்,” என்றேன்.

“என்னண்ணே?”

பக்கத்துக் கடைக்காரன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரலை உயர்த்தி, செவிடனிடம் சொல்வதுபோல, இன்னொரு முறை சொன்னேன்.