காஹாங்: ஐந்து நாள் கன்றுக்கு அடுத்த ஊசி எப்போது?

மாடு பார்க்கப் போவதற்கு யாராவது லீவு எடுப்பார்களா என்று அலுவலகத்தில் கிண்டல் செய்தார்கள். நான் எடுத்தேன். சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் என்னோடு பல வருஷம் ஷிப்டு பார்த்த ஸ்டெல்லா, வேலையை விட்டுவிட்டு மலேசியாவில் காஹாங்கில் நான்கு பால்மாடு வைத்திருக்கிறாள். அதுவரை பிறந்ததெல்லாம் காளைக் கன்றுகள். போன மாதம்தான் முதல் கிடாரி பிறந்தது. பண்ணை பெருகுவது இனி அதை நம்பித்தான் என்று படம் அனுப்பியிருந்தாள். அந்த வாரச் சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

ஜொகூர் பாருவிலிருந்து காலை ஆறரைக்குக் காரை எடுத்தேன். ஆயர் ஹீத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் எட்டு மணிக்குக் குளுவாங். கோப்பியும் ரொட்டி பாக்கார் என்கிற சுட்ட ரொட்டியும் எட்டு ரிங்கிட். அங்கிருந்து காஹாங் சுமார் நாற்பது கிலோமீட்டர், இரண்டு பக்கமும் செம்பனை எண்ணெய்த் தோட்டம்தான். பழக்குலை ஏற்றிய லோரிகளை முந்தப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், பின்னால் வந்தவர் ஹாரனிலேயே என்னைத் திட்டிவிட்டார்.

பண்ணையில் என்னை வரவேற்க யாரும் வரவில்லை. ஸ்டெல்லா கொட்டகையில் கன்றின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். பிறந்து ஐந்தே நாளான கன்று, தலையைத் தூக்காமல் கிடந்தது. வியாழக்கிழமையிலிருந்து கழிச்சலாம். முன்பு ஒரு மாட்டுக்கு மடிவீக்கம் வந்தபோது கொடுத்த கிருமிக்கொல்லி மருந்து மீதி இருந்திருக்கிறது. கன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி, தன் எடையைக் கழித்து, கிலோக் கணக்குப் பார்த்து ஊசி போட்டிருக்கிறாள். தன் எடை எவ்வளவு என்பதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

மாட்டுக்குப் போட்ட மாதிரியே காலை ஏழு, இரவு ஏழு. எங்கள் தொழிற்சாலையில் ஒரு நிமிஷம் பிந்தினாலும் பெயர் கெட்டுவிடும், அந்தப் பழக்கம் இவளை விடவில்லை. கழிச்சல் குறைந்தது, ஆனால் கன்று துவண்டுகொண்டே போனது. மருந்து பத்தவில்லை என்று நினைத்துவிட்டாள். காலையில் மருத்துவருக்கு போன் போட்டபோது, தான் வரும்வரை ஊசி வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மணி பத்து ஆகப்போது லா. மூனு மணி நேரம் லேட்டு."

குளுவாங்கிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் பிரகாஷ் எங்களைவிடச் சின்னவர். கழிச்சலைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், "கன்னு கடைசியா எப்ப ஒன்னுக்குப் போச்சுக்கா?" என்றார். சாணத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா அதைக் கவனிக்கவேயில்லை.

சலைன் ஏற்றிக்கொண்டே அவர் விளக்க, நான் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தேன். பிறந்த கன்றின் உடம்பில் தண்ணீர்ப் பங்கு அதிகமாம். இந்த மாதிரி மருந்து அதில் பரவி நீர்த்துப்போவதால், கிலோவுக்கு மாட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகக்கூடத் தேவைப்படலாமாம். எனக்கு ஆச்சரியம், அப்படியானால் இவள் கொடுத்தது குறைவா? இல்லை. மருந்தை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் கன்றுக்கு இன்னும் முழுசாக வேலை பழகவில்லை. பசு பன்னிரண்டு மணி நேரத்தில் கழித்துவிடுவது கன்றுக்குள் நிறையத் தங்கிவிடும். அதன்மேல் அடுத்த ஊசி, அதன்மேல் இன்னொன்று. அப்படிச் சேர்ந்தால் இந்த மருந்து அந்தச் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

வாய்வழி மருந்தின் கதை வேறு. பால் குடிக்கும் கன்றுக்கு அசைபோடும் வயிறு இன்னும் வளரவில்லை, அதனால் சில மருந்துகள் நன்றாக ரத்தத்தில் ஏறும். அதையே பெரிய மாட்டுக்குக் கொடுத்தால் வயிற்றிலேயே வீணாகும். சில வாரங்களில் கன்றின் உடம்பு மாறிவிடும், கணக்கும் மாறிவிடும். ஆட்டுக்குட்டிக்கும் இதே கணக்கா என்று கேட்டேன். குட்டிகளுக்குப் பொதுவாக மெதுவாகத்தான் கழியும், ஆனால் ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போடக் கூடாது என்றார்.

ஸ்டெல்லா இதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. "நான் ஒரு வாட்டிகூட லேட் பண்ணல டாக்டர்" என்றாள்.

"இன்னிக்குக் காலையில பண்ணீங்களே. அதான் நல்லதாப் போச்சு."

அவள் அழுதுவிட்டாள். அக்கறையாகச் செய்ததே ஆபத்தாகிவிட்டது என்றால் யாருக்குத்தான் மனசு தாங்கும்?

அதன் பிறகு மூன்று பேரும் கன்றின் வாலுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றோம். இப்படியொரு சுற்றுலாவை நான் போனதேயில்லை. மதியம் தாண்டிக் கன்று தடுமாறி எழுந்து, பின்னங்காலை அகட்டி, நின்று நிதானமாக ஒன்றுக்குப் போனது. ஸ்டெல்லா கையெடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை வரும்வரை நிச்சயம் சொல்ல முடியாது, அந்த ஊசியை இனித் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு மருத்துவர் கிளம்பினார்.

போகிறவர்களுக்கு: பெட்ரோல், டோல் சேர்த்துப் போய்வர எனக்கு அறுபது ரிங்கிட் ஆனது. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். கழுவிய பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், வேறு பண்ணையில் போட்டதை அப்படியே போட்டுக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் ஆடு மாடு இருந்தால், மீதி மருந்தை எடுக்கும் முன் மருத்துவரைக் கூப்பிட்டு, எடையோடு வயதையும் சொல்லுங்கள்.

நேற்று ஸ்டெல்லா கூப்பிட்டாள். பிழைக்குமோ என்னமோ என்று பயந்து, இத்தனை நாளும் கன்றுக்குப் பெயரே வைக்காமல் இருந்திருக்கிறாள். இப்போது நல்ல பெயராக ஒன்று வேண்டுமாம்.