ஆர்வோ சொன்ன இடம்

மினசோட்டாவின் வடகோடியில், ஏரிக்கரையில் தூண்டில் புழு விற்கும் ஆர்வோ லாத்தி பொய்யே பேசமாட்டார், மீன் கிடைக்கும் இடத்தைத் தவிர. அந்த ஊரில் அதைப் பொய் என்று யாரும் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. வெளியூர்க்காரர்கள் யார் வந்து கேட்டாலும் நாணல் மண்டிய தெற்கு மூலைக்கு அனுப்பிவிடுவார். அங்கே தவளைகூடத் தங்காது.

சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு வந்த டோரீனையும் அங்கேதான் அனுப்பினார்.

“அந்தப் பிளந்த பாறைப் பக்கம் மட்டும் போயிராதீங்கம்மா. வீண் அலைச்சல்,” என்று கூடுதலாக அக்கறை வேறு காட்டினார்.

மாலையில் டோரீன் கை நீளத்துக்கு ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். ஆர்வோவுக்கு வயிறு எரிந்தது.

“எங்கம்மா புடிச்சீங்க?”

“நீங்க சொன்ன இடந்தாண்ணே. நல்லா இருப்பீங்க!”

மறுநாள் கடையைத் திறக்காமலே ஆர்வோ தெற்கு மூலைக்குப் படகை விட்டார். மதியம்வரை கொசுதான் கடித்தது, மீன் கடிக்கவில்லை. டோரீனைத் திட்டித் தீர்த்துக்கொண்டே திரும்பினால், பிளந்த பாறையடியில், அவர் வழக்கமாகத் தூண்டில் போடும் அதே நிழலில், அவளுடைய படகு நின்றது. வாளி நிறைய மீன்.

“என்னம்மா, நான் சொன்ன இடத்துல புடிச்சேன்னு பொய் சொல்லிட்டீங்களே!”

“எங்கப்பாவும் புழுக்கடைதாண்ணே வச்சிருந்தார். போகாதேன்னு நீங்க சொன்ன இடத்துக்குப் போகாம வேற எங்க போவேன்?” என்றபடி தூண்டிலை வீசினாள் டோரீன். “அது கெடக்கட்டும், தெக்கு மூலையில ஏதாச்சும் மாட்டுச்சா?”