மயிலைச் சுற்றி ஓடினேன்

என் கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீர்வேலியில் ஒரு தைப்பொங்கல் காலை. போரால் அரிசிமா கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். என் மனைவி பொங்கல் பானைக்குக் கோலம் போட்டதோடு நிற்காமல், குண்டுக்கு ஒளிக்கும் பங்கர் வாசல்வரை ஒரு மயிலையும் வரைந்தாள்.

“பானைக்கெண்டால் சரி. உந்த மயில் என்னத்துக்கு?”

“வடிவுக்குத்தான். விருப்பமில்லாட்டில் பாக்காதேங்கோ.”

பால் பொங்குமுன் விமானம் வந்துவிட்டது. அவள் மயிலை மிதித்துக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிய நான், தலைக்கு மேல் இரைச்சல் கேட்டும், தோகையில் கால் படாமல் சுற்றிப் போனேன்.

“பிள்ளையோடை என்ன விளையாட்டப்பா? உழக்கிக்கொண்டு வாங்கோ” என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

குண்டு தோட்டப் பக்கம் விழுந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“என்னத்துக்கெண்டு கேட்டனீங்கள், பிறகேன் சுத்தினனீங்கள்?” மகளை இறுக்கி அணைத்தபடி கேட்டாள்.

சாமிக்குப் போட்டதென்றால் பக்தி என்றாவது சொல்லியிருப்பேன். இது வெறும் அழகுக்கு வரைந்தது. வரைந்தவளே யோசிக்காமல் மிதித்தாள். என்னத்துக்கென்று கேட்ட நான், பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் காப்பாற்றியிருக்கிறேன். ஏனென்று இன்றும் விளங்கவில்லை. மகளிடம் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

1994 ஆனி 12.