பொன்னுரங்கத்தின் டாக்டர் கார்

கெஸல் கார் வைத்திருக்கிறவனுக்கு இரண்டு பேருடைய தயவு வேண்டும். ஒருவர் கடவுள், இன்னொருவர் மெக்கானிக். கடவுளைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டில் முப்பது வருடம் பட்டறை வைத்திருந்தவன் என்பதால் இரண்டாமவனைப் பற்றிச் சொல்ல முடியும். எங்கள் பக்கத்தில் அந்தக் கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாங்கியவர் பொன்னுரங்கம். ஆர்.சி. புத்தகத்தில் இருந்ததும் அவர் பெயர்தான். ஆனால் அதைப் பொன்னுரங்கத்தின் கார் என்று யாரும் சொன்னதில்லை. அப்படி ஒரு பேச்சைக் காதால் கேட்க வேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் ஆசை. வேறு பெரிய ஆசைகள் அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி அவருக்கு. அப்பா சடையன் அடுத்தவர் கழனியில் நாற்றுக் கட்டு சுமந்தே முதுகு வளைந்தவர். பொன்னுரங்கம் லாரியில் கிளீனராகப் போய் ஸ்டீயரிங் பிடிக்கக் கற்று, எழுபத்து மூன்றில் கள்ளக்குறிச்சி டாக்டர் ஒருவரிடம் டிரைவராகச் சேர்ந்தார். டாக்டர் அப்போதுதான் ஆகாய நீலத்தில் அந்தக் காரைப் புதிதாக வாங்கியிருந்தார். முன் கண்ணாடியில் சிவப்புக் கூட்டல் குறி ஒட்டியிருக்கும். வியாழக்கிழமை தோறும் அதில் தியாகதுருகத்துக்கு வந்து வைத்தியம் பார்ப்பார். மாதம் ஒரு முறை கல்வராயன் மலையடிவாரத்துக்குப் போவார். சில சமயம் மேலேயும் ஏறுவார்கள். ஏற்றத்தில் பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்றுவிடும். பொன்னுரங்கம் இறங்கி, தன் துண்டை ஓடைத் தண்ணீரில் நனைத்துப் பம்ப் மேல் போட்டு, பீடி பிடிக்கிற நேரம் காத்திருந்து மறுபடி ஏற்றுவார். பதின்மூன்று வருடம் அப்படியே ஓடியது.

எண்பத்தாறில் டாக்டர் மாருதி வாங்கினார். கெஸல் ஆஸ்பத்திரிப் பின்புறத்தில் வேப்பமரத்தடியில் நின்றது. அந்தக் கார் வருவது நின்றே பத்து வருடம் ஆகியிருந்ததால் வாங்க ஆளில்லை. சேலத்திலிருந்து வந்த புரோக்கர் எடைக்குத்தான் விலை சொன்னான். பொன்னுரங்கம் டாக்டர் முன்னால் போய் நின்று, "எடைக்குப் போட வேணாம் சார், எனக்கே குடுத்துடுங்க" என்றாராம். டாக்டரிடம் விட்டு வைத்திருந்த சம்பளப் பணமும் மனைவி ராஜாம்பாளின் தோடும் காராக மாறின. தோடு போன காதில் ராஜாம்பாள் வேப்பங்குச்சி செருகிக்கொண்டாள். 

பெயர் மாற்றிய அன்றைக்கே வண்டியோடு என் பட்டறைக்கு வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"கொஞ்சம் படிங்க மேஸ்திரி."

"உனக்குப் படிக்கத் தெரியாதாய்யா?"

"தெரியும். நீங்க படிங்க."

பொன்னுரங்கம், தகப்பனார் பெயர் சடையன் என்று சத்தமாகப் படித்தேன். அவர் தரையைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் கண்ணாடியைத் தொட்டு, "இந்தக் கூட்டல் குறிய சொரண்டிடலாமா?" என்று கேட்டார்.

"பைத்தியமா உனக்கு? அது இருக்கிற வரைக்கும்தான் போலீசு கை காட்ட மாட்டான். ஊர்க்காரனும் அது இருந்தாத்தான் வாடகைக்குக் கூப்புடுவான். காலனிக்காரன் வண்டின்னா எவன் ஏறுவான்? பேசாம இருக்கட்டும் வுடு."

நான் சொன்னது உலக நடப்பு. நல்ல புத்திதான் சொன்னேன் என்று வெகுநாள் என்னையே மெச்சிக்கொண்டிருந்தேன். பொன்னுரங்கம் கையை எடுத்துக்கொண்டார்.

வாடகைக்குக் குறைவில்லை. கல்யாணம், காதுகுத்து, சின்னசேலத்தில் ரயிலுக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் காலனி முனையில் வந்து நின்று, "டாக்டர் கார் வருமா?" என்றுதான் கேட்பார்கள். யாருடைய வண்டி என்று தெரிந்தவர்களும் அப்படித்தான் கேட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டால் பின் சீட்டில் உட்கார அவர்களுக்குக் கூச்சமில்லை. அவர் மகள் கலையரசி ஐந்தாம் வகுப்பில் "எங்க கார்" என்று சொல்லப்போக, பிள்ளைகள் எல்லாம் சிரித்து அழ வைத்துவிட்டார்கள். இதைப் பொன்னுரங்கம் விளையாட்டுப் பேச்சாகத்தான் சொன்னார். ஆனால் ஒரே மாதத்தில் என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் வந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. சைக்கிளைக்கூட தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். முதல் நாள் வியாழக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரத்தில் கரும்புக் கொல்லைக்காரர் தெய்வசிகாமணி காலனிக்குள் ஓடி வந்தார். காலனிக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை என்று ராஜாம்பாள் பிற்பாடு சொன்னாள். புல்லறுக்கப் போன அவர் மனைவி பச்சையம்மாளைப் பாம்பு கடித்துவிட்டது.

பொன்னுரங்கம் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வண்டியை எடுத்தார். ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் பாதித் தூரத்தைக் கடந்துவிட்டார். அப்புறம் மெயின் ரோட்டில் ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே ஒரு மரம் கிடந்தது. நாற்பது ஐம்பது பையன்கள் கையில் அரிவாளும் கோடாலியுமாக நின்றார்கள். தெய்வசிகாமணி தலையை வெளியே நீட்டி, "டாக்டர் வண்டிப்பா! வழி வுடுங்க!" என்று கத்தினார். பக்கத்து ஊர்களுக்கு டாக்டர் மாருதி வாங்கியது தெரியாது. அவர்களுக்கு நீலக் கார் என்றால் டாக்டர்தான். வீரமுத்து என்ற பையன் முன்னால் நின்று பெரிய கிளையைத் தோள் கொடுத்துத் தூக்கினான். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. பொன்னுரங்கம் வாயைத் திறக்கவில்லை. பச்சையம்மாளை நேரத்தோடு பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார். அந்தம்மாள் பிழைத்துக்கொண்டார்.

தெய்வசிகாமணி மனைவியோடு தங்கிவிட்டார். பொன்னுரங்கம் நேராக என் பட்டறைக்கு வந்தார். பள்ளத்தில் இறங்கியதில் சைலன்சர் கழன்று தொங்கியது. அதைக் கட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. எனக்கு வீடு தியாகதுருகம். வேறு வண்டி இல்லாததால் நானும் அவரோடு கிளம்பினேன். முன் சீட்டில் ஜாக்கியும் சாமான் பெட்டியும் இருந்ததால் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த மரத்தை நெருங்கும்போது பையன்கள் எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். "வந்துட்டாரு, டாக்டர் வந்துட்டாரு!" என்று ஒருவன் கூவினான். கதவைத் திறந்து குனிந்து என்னைப் பார்த்து, "சீக்கிரம் வாங்க சார்!" என்றான். என் சட்டையெல்லாம் கிரீஸ். கையில் ஸ்பேனர் வேறு.

ரோட்டோரத்தில் வீரமுத்து கிடந்தான். அடுத்த மரத்தை வெட்டும்போது அடிமரம் திரும்பி அவன் வலது பாதத்தின் மேல் விழுந்திருக்கிறது. பாதம் இருந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை. கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். டாக்டர் கார் இப்போதுதான் போயிருக்கிறது, இன்றைக்கு வியாழக்கிழமை, டாக்டர் எப்படியும் இந்த வழியாகத் துருகத்துக்கு வருவார், ஆளை அசைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்குத் துண்டால் விசிறிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

"டாக்டர் எங்கடா?" என்று ஒருவன் பொன்னுரங்கத்தின் சட்டையைப் பிடித்தான். "டாக்டர் இல்லாம டாக்டர் கார் இன்னாத்துக்குடா சுத்திக்கினு இருக்குது?"

பொன்னுரங்கம் அவன் கையைத் தட்டிவிடவில்லை. "டாக்டர் கார் இல்லீங்க. என் காரு. நான் வாங்கி ஒரு வருசம் ஆவுது" என்றார். யாருக்கும் புரியவில்லை. அவர் பையிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து நீட்டினார்.  ஒரு வருடமாக உலகத்துக்குச் சொல்லத் துடித்த வார்த்தையை, திருடன் குற்றத்தை ஒப்புக்கொள்வது போல அந்த ரோட்டில் சொன்னார். எனக்கு எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

யாரோ ஒருவன் புத்தகத்தைப் பிடுங்கி எறிந்தான். அவர் அதை எடுக்கக் குனியவில்லை. "என்ன அப்பறம் அடிங்க. மொதல்ல ஆளத் தூக்குங்க" என்று பின் கதவைத் திறந்தார். அடிக்க ஓங்கியவர்களே வீரமுத்துவைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அவன் தலை என் மடியில் இருந்தது. வழியெல்லாம் தண்ணீர் கேட்டான்.

பாதத்தைக் காப்பாற்ற முடியவில்லை. கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஒருவேளை பார்த்திருக்கலாம் என்று அங்கே யாரோ பேச்சுவாக்கில் சொன்னது பொன்னுரங்கத்தின் காதில் விழுந்துவிட்டது. அந்த ஒருவேளை என்ற சொல்லை அவர் விடவில்லை. சோற்றில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பதாக ராஜாம்பாள் வந்து அழுதாள்.

ரோடு திறந்த மறுநாள் பட்டறைக்கு வந்து, என்னை எதுவும் கேட்காமல், பிளேடை எடுத்துக் கூட்டல் குறியைச் சுரண்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தி சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அதோடு ஊர் வாடகை பாதியாகக் குறைந்தது. தெய்வசிகாமணி தன் மகள் கல்யாணத்துக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து டாக்சி வைத்துக்கொண்டார். மனைவி உயிரோடு மணமேடையில் நின்று ஆரத்தி எடுத்ததற்குக் காரணமான வண்டி காலனியில் சும்மா நின்றது. நன்றி கெட்ட உலகம் என்று நான் திட்டினேன். "வுடுங்க மேஸ்திரி" என்று பொன்னுரங்கம் முடித்துவிட்டார். மலையடிவாரத்துக்காரர்கள்தான் அவரைக் காப்பாற்றினார்கள். யார் வண்டி என்று அவர்கள் கேட்டதேயில்லை. வண்டி கிளம்புமா என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

எண்பத்தெட்டில் அந்தக் கம்பெனியே மூடிவிட்டது என்று கேள்விப்பட்டோம். புதுப்பேட்டையில் பழைய சாமான் கிடைப்பதும் குதிரைக் கொம்பானது. லாரி டயர் ரப்பரை அறுத்து, அதிர்வு தாங்குகிற புஷ் வளையங்கள் செய்து கொடுத்தேன். விற்றுவிடு என்றால் அவர் துணியை எடுத்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

எண்பத்தொன்பதில் இடஒதுக்கீடு வந்தது. அதற்கடுத்த பங்குனியில் ஒரு நாள் நான் காருக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். பொன்னுரங்கம் பக்கத்தில் குந்தி சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டைக் கால் ஒன்றும் செருப்புக் கால் ஒன்றும் வந்து நின்றது என் கண்ணுக்குத் தெரிந்தது. யாரென்று முகம் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

"சித்திரையில எனக்குக் கல்யாணம். பொண்ணு களமருதூர். பொண்ணழைப்புக்குக் கார் வேணும்" என்றான் வீரமுத்து.

பொன்னுரங்கம் எழுந்து நின்றார்.  "அன்னிக்கிக் காலையிலயே என் காருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தன்னா உங்க காலு..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லியிருந்தா நான் கெளயத் தூக்கியிருக்கவே மாட்டேன்" என்றான் வீரமுத்து. கோபமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். "திருப்பி அனுப்பியிருப்பன். அந்தம்மா வண்டியிலேயே செத்திருக்கும். படுத்துக் கெடந்தப்ப இதையேதான் நெனச்சிக்கினு இருந்தன்."

பொன்னுரங்கத்தின் கால்கள் அசையாமல் நின்றன.

"ஊர்ல டாக்சி கெடைக்குது. எங்க அப்பாவும் அதத்தான் வைக்கச் சொன்னாரு" என்றான் அவன். "நான்தான் பொன்னுரங்கம் அண்ணன் கார்தான் வேணும்னுட்டன். வருவீங்களாண்ணே?"

நான் அடியிலேயே கிடந்தேன். பொன்னுரங்கம் கையிலிருந்த சாமானைக் கீழே வைத்தார். 

"தேதி சொல்லு தம்பி" என்றார்.