அம்மாவுக்கு நான் சொன்ன ஜப்பான் கதைகள்

ஜப்பான் கார்ட்டூன்களில் எது நல்லது, எது குப்பை என்று என்னோடு வாதாடி ஜெயித்தவர் இன்றுவரை கிடையாது. அனிமே என்ற சொல்லே தெரியாத ஒன்பது வயதில், சைகோனில், எங்கள் சந்து முனைக் கடையில் சிடி வாடகைக்கு எடுத்துப் பார்த்து வளர்ந்த ரசனை இது. முதலிடம், கடலடியில் சாப்பாட்டுக்கடை நடத்தும் பெண்ணின் தொடருக்கு. அதில் வில்லன் கிடையாது, பசிதான் வில்லன். கடைசி இடம், என் வகுப்பே கொண்டாடிய இரும்பு மனிதன் தொடருக்கு. கதாநாயகன் கை, கால், தலை என்று ஒவ்வொன்றாக மாட்டி முடிக்கும்வரை எதிரி வாயில் ஈ போவது தெரியாமல் நிற்பான். அவ்வளவு பொறுமைசாலியை அடித்துக் கொல்வது எனக்குப் பாவமாகப் பட்டது.

அந்த சிடிக்களில் ஒரு விசேஷம் உண்டு. ஜப்பானியப் பேச்சு பின்னால் மெல்லக் கேட்க, அதன் மேலேயே ஒரே ஒரு பெண் எல்லாருடைய வசனத்தையும் வியட்நாம் மொழியில் வாசித்துக்கொண்டு போவாள். அரக்கனும் அவள்தான், கைக்குழந்தையும் அவள்தான். அழுகையோ சண்டையோ, குரல் மாறாது. அங்கே அதுதான் வழக்கம், யாரும் குறை சொல்வதில்லை.

அம்மாவுக்கு அந்த மொழி வராது. அப்பாவின் விமான நிலையச் சரக்கு வேலைக்காகக் காரைக்குடிப் பக்கமிருந்து வந்தவள். சந்தையில் விரலைக் காட்டியே காய் வாங்குவாள். ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து நான் தமிழில் சொல்வேன். அந்தப் பெண் வாசித்ததை அப்படியே ஒப்பிக்க நான் என்ன கிளிப்பிள்ளையா? அரக்கனுக்குத் தொண்டையைக் கரகரப்பாக்கி, குழந்தைக்குக் கொஞ்சி, இடையிடையே கதாசிரியரையும் திட்டுவேன். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்றுதான் அப்பா இதற்குத் தினம் ஒரு மணி நேரம் அனுமதித்திருந்தார்.

கணக்கில் நான் கோட்டைவிட்டதும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆபத்து வந்தது. அதே இரும்பு மனிதன், சென்னை டிவியில் தமிழ் பேசியதை சிடியில் பதிவு செய்து, அப்பாவின் நண்பர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

"இனி உங்கம்மா அதுவா பாத்துக்கும். நீ போயிக் கணக்கப் போடு" என்றார் அப்பா.

உள்ளறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டினேன். ஆளுக்கொரு குரல், பளிச்சென்ற தமிழ். எனக்கு வயிறு எரிந்தது. இனி என்னை யார் தேடப்போகிறார்கள் என்று அழுகை முட்டியது.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் கேட்டது. "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா என்னமோ ஒட்டல. அவளக் கூப்புடுங்க, அவ சொன்னாத்தான் எனக்கு வெளங்குது."

"தமிழ்லதானே பேசுறான்? இதுல வெளங்க என்ன இருக்கு?"

அம்மா எழுந்துபோய் சிடியை எடுத்து உறையில் போட்டுவிட்டு, "வா ஆத்தா, நேத்து விட்ட எடத்துலேருந்து சொல்லு" என்றாள்.

அம்மாவுக்கும் என் ரசனை தொற்றிவிட்டது, மட்டமான தொடரை மட்டம் என்று கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்கு ஏகப் பெருமை. பள்ளியிலும் தெருவிலும் வியட்நாம் மொழியிலேயே வாயாடிவிட்டு வரும் நான், வீட்டில் அவள் எதைக் கேட்டாலும் "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அப்பா வர இருட்டிவிடும். பகல் முழுக்க அவளிடம் தமிழ் பேச ஓர் ஆள் கிடையாது. இதையெல்லாம் கூட்டிப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.

அன்று மும்முரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் திரும்பிப் பார்த்தேன். அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படிப் பாத்தா கதை எப்படிம்மா புரியும்?" என்று அதட்டி, அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து டிவி பக்கம் திருப்பிவிட்டேன்.